யாருக்கும் பிடிக்காத புரோட்டீன் பார்

வேட்டைக்குப் போகிற ஆளின் கோட்டுப் பையில் எந்த ஸ்நாக் பார் இருக்கவேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் யோசிக்காமலே பதில் சொல்லிவிடுவேன். நான் துவக்குப் பிடித்தவள் அல்ல. முயலை உரித்திருக்கிறேன், சுட்டதில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் என்னைவிடத் தெரிந்த தமிழ்ப் பெண் லண்டனில் இருக்க முடியாது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுவேன். போட்டிக்கு வேறு ஒருத்தியும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் தெற்கு லண்டனில் மிச்சம் என்று பெயருள்ள பகுதியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். நான் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கூடத்தின் குசினியில் வேலை செய்தேன். என் கணவர் பஸ் ஓட்டினார். பிறகு அதை நிறுத்தவேண்டி வந்தது. அவருக்கு நீரிழிவு. குளிசைக்குச் சீனி அடங்காமல் போக, டாக்டர் இன்சுலின் ஊசிக்கு மாற்றினார். இன்சுலின் போடுகிறவர் ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். பஸ் கராஜில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை, ஸ்டோரில் போட்டார்கள். நட்டும் பல்பும் எடுத்துக் கொடுக்கிற வேலை. வீட்டில் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயம். சாதாரணமாகக் குழம்பில் புளி கூடினாலே பாட்டம் பாட்டமாகக் கத்துகிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் வாய் திறக்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டில் இருக்கவே பிடிக்காது.

அந்த ஸ்டோருக்குச் சாமான் எடுக்க வருகிற மெக்கானிக் ஒருவர்தான் அவரை முதலில் வேட்டைக்குக் கூப்பிட்டார். வெள்ளைக்காரர், அறுபதை நெருங்கியவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற ரகம். சசெக்ஸில் அவருடைய அண்ணனுக்கு ஒரு பண்ணை இருந்தது. குளிர்காலச் சனிக்கிழமைகளில் அவரும், அவருடைய கூட்டாளியான ஒரு பெயின்டரும், ஒரு நாயும் அங்கே போய், வேலியோரமாக நாள் முழுக்க நடந்து முயலும் பெசன்ட் என்கிற காட்டுக்கோழியும் சுடுவார்கள். வவுனியாப் பக்கம் இளவயதில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்த கதையை என் கணவர் ஒரு தேநீர் நேரத்தில் அவிழ்த்துவிட, "அப்படியென்றால் வந்து காட்டு" என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் சம்மதித்தார். லைசென்ஸுக்காக ஒரு பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்தார். துவக்கு வைக்கிற இரும்பு அலுமாரியை நாங்கள் படிக்குக் கீழே, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்த்து இறுக்கியிருந்தோம். அவர் அலுமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூட்டைகளை நெடுநேரம் பார்த்தார். "இதில் என்ன?" என்றார். அரிசி என்றேன். "எல்லாமா?" என்றார். எங்கள் வீட்டில் துவக்கைவிட அரிசிதான் அவருக்கு அதிசயமாக இருந்திருக்கவேண்டும். லைசென்ஸ் வந்தது.

முதல் சனிக்கிழமை அவர் முழங்கால் வரை சேற்றோடும் கையில் இரண்டு பெசன்டோடும் வந்து பின்கதவில் நின்றார். வெள்ளிக்கிழமை சைவம் தவறாத மனிதர், சனிக்கிழமை இறகு பறக்க நின்று சிரிக்கிறார். அன்றைக்குச் சாப்பாட்டில் கதை ஓயவில்லை. நாய் எப்படி ஓடியது, பெயின்டர் எப்படிக் குறி தவறினார், தான் எப்படித் தவறவில்லை. கறி கொஞ்சம் ரப்பராகத்தான் இருந்தது. அதற்கும் கத்தினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ்ஸோடு போன என் மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அவருடைய கோட்டுப் பை என் பொறுப்பு. நீரிழிவுக் கிளினிக்கில் இருந்த நர்ஸ் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். காலையில் ஊசி போட்டுவிட்டுக் குளிரில் மணிக்கணக்காக நடந்தால் இரத்தத்தில் சீனி இறங்கிக்கொண்டே போகும். பசி வருகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. இடையிடையே ஓட்ஸ் மாதிரி மெதுவாகக் கரைகிற ஏதாவது, அதோடு கொஞ்சம் புரதமும் உள்ளே போகவேண்டும். அவசரத்துக்குக் குளுக்கோஸ் வில்லை தனியாக இருக்கவேண்டும். ஆனால் அவசரம் வந்த பிறகு வில்லையை நம்ப முடியாது, சீனி இறங்கினால் முதலில் இறங்குவது புத்திதான், பையில் வில்லை இருக்கிறது என்பதே மறந்துபோகும் என்றார். நான் தலையாட்டிக்கொண்டேன்.

சாண்ட்விச் கொடுத்துப் பார்த்தேன், தோட்டாக்களோடு நசிந்து வந்தது. ரொட்டி குளிருக்கு ஓடு மாதிரி இறுகியது. வாழைப்பழம் வந்த கோலத்தைச் சொல்லாமல் விடுவது நல்லது, கோட்டைத்தான் தோய்க்கவேண்டியதாயிற்று. கையுறையோடு பிரிக்கக் கூடியதாக, நசியாததாக, நடந்துகொண்டே தின்னக் கூடியதாக இருப்பது பார் ஒன்றுதான் என்று தீர்மானித்தேன்.

அதற்குப் பிறகு நான் கடை கடையாக நின்று வாசித்த உறைகள் கொஞ்சமல்ல. பார் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்பக்கத்தில் மலையும் சூரியனும் போட்டிருக்கும், திருப்பிப் பார்த்தால் முதல் சொல்லே சீனி. சிலவற்றில் ஜெலட்டின், அது மாட்டிலிருந்து எடுத்தது. எங்கள் வீட்டில் மாடு நுழையாது, அதெல்லாம் திரும்பக் கடைத் தட்டுக்குப் போயிற்று. மருந்துக் கடையில் டயபெட்டிக் சாக்லேட் பார் என்றே ஒன்று விற்றார்கள். பெயரை நம்பி வாங்கி வந்தேன். அவருக்கு வயிற்றால் போயிற்று. நர்ஸிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, அதில் சீனியே இல்லை, சீனி இறங்குகிற ஆளுக்கு அது எதற்கு என்றார். கடைசியில் ஓட்ஸும் கொட்டையும் முந்திரிகை வத்தல் என்கிற உலர்ந்த திராட்சையும் சேர்ந்து, அடியில் மட்டும் மெல்லிசாகச் சாக்லேட் பூசிய ஒரு மியூஸ்லி பாரைப் பிடித்தேன். நல்ல ருசி, நல்ல சத்து. வேட்டை நாள் முழுவதற்கும் காணுமென்று எண்ணிக் கோட்டில் வைத்தேன். எனக்கு என்மேலேயே ஒரு மதிப்பு வந்தது.

அந்தச் சனிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே மெக்கானிக்கின் வான் வண்டி வாசலில் வந்து நின்றது. என் கணவர் இறங்கி, என்னைக் கடந்து உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் நிறம். துவக்கை மெக்கானிக்தான் கொண்டுவந்தார். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். வயல் நடுவில் என் கணவர் திடீரென்று நின்று சிரிக்கத் தொடங்கியிருக்கிறார். நாயைப் பார்த்துத் தமிழில் ஏதோ பேசியிருக்கிறார். பிறகு துவக்கை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் துவக்கைப் பறித்து, பிளாஸ்கில் இருந்த தேநீரில் சீனியை அள்ளிப் போட்டுப் பருக்கியிருக்கிறார்கள்.

"எனக்கு அவரைப் பிடிக்கும்," என்றார் மெக்கானிக். "ஆனால் கையில் துவக்கு இருக்கிறது. இன்னொரு முறை இப்படி நடந்தால் நான் கூட்டிக்கொண்டு போக முடியாது. நீங்கள் புரிந்துகொள்ளுவீர்கள்."

புரிந்தது. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. முதலில் பஸ் போனது, இப்போது இதுவும் போகப்போகிறது. இது போனால் அந்தக் கதிரையிலிருந்து இந்த மனிதரை யார் எழுப்புவது என்பதுதான் என் தலைக்குள் ஓடியது. "நான் பார்த்துக்கொள்ளுகிறேன்," என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பிறகு கோட்டுப் பையைத் துழாவினேன். உறைகூட இல்லை.

"பார் எல்லாம் எங்கை?"

"குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"அவையளுக்குத்தான். ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு நிக்கேக்கை நான் மட்டும் எப்பிடித் தின்னுறது? வேணுமோ எண்டு கேட்டன். தாங்க் யூ எண்டு வாங்கிச்சினம்."

"நீங்கள் ஏன் கேட்டனீங்கள்?"

"கேக்காமல் ஏலுமே?"

உண்மைதான். கேட்காமல் இருக்க எனக்கும் ஏலாது. ரயிலில் ஒரு கச்சான் கடலைப் பையைப் பிரித்தாலும் பக்கத்தில் இருக்கிறவருக்கு ஒரு முறை நீட்டாமல் எங்களுக்குக் கை வாய்க்குப் போகாது. அவரும் "இல்லை இல்லை, நீங்கள் சாப்பிடுங்கோ" என்று சொல்லுவார். அதற்குப் பிறகு நிம்மதியாகத் தின்னலாம். நீட்டுவது ஒருவர் வேலை, மறுப்பது மற்றவர் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும். வெள்ளைக்காரருக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது. நீட்டினால், தரத்தான் நீட்டுகிறார்கள் என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். பாவம், அவர்கள் மேலும் பிழை இல்லை.

அவரைத் திருத்தலாம் என்று நினைத்து ஒரு பாட்டம் ஏசினேன். "உங்களுக்குச் சீனி வருத்தம், அவையளுக்கு இல்லை. நீங்கள் தின்னாட்டில் விழுவியள், அவையள் விழமாட்டினம்." ஓம் ஓம் என்றார். அடுத்த கிழமை கூடுதலாகப் பார் வைத்து அனுப்பினேன், மூன்று பேருக்கும் காணும்படி. கூடுதலாகக் கண்டவுடன் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். நாய்க்கும் ஒன்று. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை அவர்கள் நேரத்தோடு எடுத்ததால் தப்பினார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவர் நீட்டுவதை நிறுத்த முடியாது. ஆனால் வாங்குவதை நிறுத்தலாம். நீட்டினால் எவரும் வாங்காத ஒரு பாரைத் தேடிப் பிடித்தால் எல்லாம் சரி. இவரும் மரியாதையாகக் கேட்கலாம், அவர்களும் வேண்டாம் என்று சொல்லலாம், இவர் ஆறுதலாகத் தின்னலாம்.

இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. பள்ளிக்கூடக் குசினியில் எனக்குச் சாப்பாட்டுக் கோப்பை கழுவுகிற முறை வரும்போது, எது தின்னப்படாமல் திரும்பி வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகியிருந்தது. பீட்ரூட் திரும்பி வரும். ஈரல் திரும்பி வரும். பச்சையும் மண்ணிறமும் கலந்த நிறத்தில் எது இருந்தாலும் தொடாமலே திரும்பி வரும். பல்லில் ஒட்டுவது, கடித்த பிறகு வேறு ருசி காட்டுவது, மணம் ஒன்றும் ருசி ஒன்றுமாக இருப்பது, எல்லாம் திரும்பி வரும். ஒரு சாப்பாட்டைப் பார்த்தவுடன் அதன் தலைவிதியை என்னால் சொல்ல முடியும்.

டூட்டிங்கில் உடம்பு வளர்க்கிற பெடியன்களுக்குச் சாமான் விற்கிற கடையில் முதலில் தேடினேன். கறுத்த கோட்டும் பொட்டுமாக நான் உள்ளே போனதும் கடைக்காரப் பெடியன் மகனுக்கா என்று கேட்டான். கணவருக்கு என்றேன். அவன் மரியாதையாக எழுந்து நின்றான். அங்கே இருந்த புரோட்டீன் பார்களில் சில மோசமாகத்தான் இருந்தன, சுண்ணாம்புக் கட்டியைக் கடித்த மாதிரி. ஆனால் அவற்றில் புரதம்தான் நிறைய இருந்தது, இவருக்கு வேண்டிய மாச்சத்து இல்லை. குளிரில் வெளியே வைத்துப் பார்த்தேன், ஒன்று கல்லாகிவிட்டது. பல்லுக்கு வேறு டாக்டரிடம் அலைய ஏலாது என்று விட்டுவிட்டேன்.

கிராய்டனில் ஆரோக்கிய உணவுக் கடை ஒன்று இருந்தது. அதன் கடைசித் தட்டில், ஒருவரும் கை வைக்காத மூலையில், நான் தேடியது இருந்தது. ஓட்ஸ், சோயாப் புரதம், பேரீச்சம்பழம், கடற்பாசித் தூள். நிறம் சொல்லும்படியாக இல்லை. உறையைப் பிரித்தால் நனைந்த காட்போர்ட் மணம். ஒரு துண்டை வாயில் போட்டேன். முதலில் ஒன்றுமில்லை, பிறகு இனிப்பு, பிறகு கடற்கரை. கடையில் நின்றபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸிடம் உறையைக் காட்டினேன். மாச்சத்து, புரதம் எல்லாம் சரியான அளவு, இதைவிட நல்லது கிடைக்காது என்றார். ருசி பார்த்தீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மகளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். ஓடிப்போய்க் குப்பை வாளியில் துப்பினாள். "அம்மா, இது டிஸ்கஸ்டிங்! அப்பாவைப் பனிஷ் பண்ணுறீங்களோ?" குசினியில் என்னோடு வேலை செய்தவர்களுக்கும் நறுக்கிக் கொடுத்தேன். ஒருவர் கடதாசியில் துப்பினார், மற்றவர்கள் தட்டோடு தள்ளி வைத்தார்கள். தேர்வு முடிந்தது. ஒரு பெட்டி வாங்கினேன். என் கணவர் மட்டும் அதைத் தின்றுவிட்டு, "பரவாயில்லை, வயித்திலை நிக்கும்" என்றார். இரண்டு நாள் பழகியபின் அவருக்கு அது பிடித்தே போயிற்று. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் தன் காலிலேயே வந்தார். ஆனால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். கை நடுங்கியது. சீனி பார்க்கிற மெஷினில் வந்த எண்ணைக் கண்டு மகள் ஓடிப்போய் ஆரஞ்சு ஜூஸ் எடுத்து வந்தாள். குடித்துக் கொஞ்சம் தெளிந்த பிறகு கேட்டேன்.

"அதையுமோ வாங்கிச்சினம்?"

"ஓம்."

"தின்னவையோ?"

"முழுக்கத் தின்னவை. நல்லாயிருக்கெண்டும் சொன்னவை. பெயின்டர் இன்னொண்டும் கேட்டவர்."

எனக்கு நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து நான் போட்ட கணக்கு அது. பிள்ளைகளும் என்னோடு பழகின குசினிக்காரரும் பிடிக்காததைத் துப்புவார்கள். நெருங்கிப் பழகாத வெள்ளைக்காரர் துப்பமாட்டார்கள் என்பது என் கணக்கில் இல்லை. திங்கட்கிழமை கராஜில் மெக்கானிக் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, வயல் கேற்றில் அவர் சாய்ந்து நின்றதைத் தான் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை பார்ப்போம், அதுவும் இப்படியானால் இனி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். என் கணவர் அதை வந்து என்னிடம் ஒப்பித்துவிட்டு டிவியைப் போட்டார். எந்தச் சானல் என்றுகூடப் பார்க்கவில்லை.

"வாற சனிக்கிழமை நானும் வாறன்," என்றேன்.

"நீரோ? அங்கை முழுக்கச் சேறு."

"சேறு கழுவினால் போகும்."

அப்படித்தான் நான் சசெக்ஸ் வயலுக்குப் போனேன். மகளின் ரப்பர் சப்பாத்து, சாரியின் மேல் அவருடைய பழைய பஸ் கோட்டு, தலையில் கம்பளித் துணி. மெக்கானிக் தன் வான் வண்டியில் முன் சீற்றை எனக்குத் தந்தார். பெயின்டர்தான் கதை பேசிக்கொண்டு வந்தார். வயலில் அவர்கள் மூன்று பேரும் இடைவெளி விட்டு வேலியோரமாக நடக்க, நான் பின்னால் நடந்தேன். குளிர் காதை அறுத்தது. துவக்கு முதல் தரம் வெடித்தபோது மூன்று தலைமுறைச் சாமிகளையும் கூப்பிட்டேன். ஆனால் என் கணவர் நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே. தோள் நிமிர்ந்து, கண் எங்கேயோ தூரத்தில், ஒரு சுள்ளி முறியாமல். ஸ்டோரில் நட்டு எடுத்துக் கொடுக்கிற ஆள் இல்லை அவர். இதை இழக்க விடமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். ஒரு கேற்றடியில் எல்லோரும் நின்றார்கள். என் கணவர் நான் சொல்லிவைத்தபடி பாரை எடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு, நான் நினைத்தபடியே, அந்தக் கை தானாகவே பெயின்டர் பக்கம் நீண்டது. பெயின்டரின் முகத்தில் ஒரு கணம் ஓடியதை நான் கண்டேன். எனக்குத் தெரியாத முகமா அது? பீட்ரூட்டைக் கண்ட பிள்ளையின் முகம். ஆனாலும் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"வாங்க வேண்டாம்!" என்று நான் ஆங்கிலத்தில் கத்தினேன். வேலிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பறந்து தப்பியது. நாய் என்னை வெறுப்போடு பார்த்தது.

பிறகு எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடக் குசினி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இது இவருக்கு மருந்து மாதிரி. இதைத் தின்னாததால்தான் விழுகிறார். உங்கள் முன்னால் தனியாகத் தின்ன எங்களால் முடியாது, அதனால் கேட்கிறார். நீங்கள் வேண்டாம் என்று சொல்லவேண்டும், அப்போதுதான் தின்னுவார்.

மெக்கானிக் தொப்பியைக் கழற்றினார். "நாங்கள் மரியாதைக்காக அல்லவா தின்றோம்?" என்றார். "உங்கள் ஊர்ப் பண்டமாக்கும், நீங்கள் கஷ்டப்பட்டுச் செய்து அனுப்பியிருக்கிறீர்கள், மறுத்தால் மனம் நோகும் என்று நினைத்தோம்."

"அது கிராய்டனில் வாங்கியது," என்றேன்.

பெயின்டர் கேற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாவதை விரும்பித் தின்றதாகக் காட்டத்தான் இரண்டாவது பாரைக் கேட்டு வாங்கி, ஒருவரும் பார்க்காமல் நாய்க்குக் கொடுத்தாராம். நாயும் அதை மண்ணில் புதைத்துவிட்டதாம். என் கணவரும் சிரித்தார். ஆனால் பார் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

மெக்கானிக் அதைக் கவனித்தார். "நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஏன் இன்னும் தின்னவில்லை?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்கள் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே," என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்துமணிகூட ஆகவில்லை. துவக்கை நடுவில் மடித்துத் தோட்டாவை வெளியே எடுத்தார். ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்து, மத்தியானத்துக்கென்று கொண்டுவந்த சீஸ் சாண்ட்விச்சைப் பையிலிருந்து எடுத்தார். "எனக்குப் பசிக்கிறது," என்றார். "எல்லோரும் உட்காருங்கள்." பெயின்டரும் முணுமுணுக்காமல் தன்னுடையதை எடுத்தார். பிறகு வந்த எல்லாச் சனிக்கிழமையும் அவர் அப்படித்தான் செய்தார். நாய்க்கு ஊதுகிற விசிலை எடுத்து ஊதுவார், நாயும் ஆட்களும் ஒன்றாக உட்காருவார்கள், ஒவ்வொருவரும் தன் தன் பையில் இருப்பதைத் தின்னுவார்கள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பெயின்டரின் கோட்டுப் பொத்தான் பூட்ட மறுத்தது. என் கணவர் ஒரு நாளும் விழவில்லை. துவக்கு அவர் கையில் பல வருடங்கள் இருந்தது.

ஆனால் அன்று காலையில் அது இன்னும் முடியவில்லை. இரண்டு வெள்ளைக்காரரும் மென்றுகொண்டிருக்கிறார்கள். என் கணவர் உறையைக் கிழித்து, பாரை வாயடிக்குக் கொண்டுபோனவர், நிறுத்திவிட்டார். கேற்றில் சாய்ந்து நின்ற என்னைப் பார்த்தார்.

"உமக்கு?"

"எனக்கு வேண்டாம். நீங்கள் தின்னுங்கோ."

"எல்லாரும் தின்னுகினம். நீர் மட்டும் நிக்கிறீர்."

எனக்கென்று நான் ஒன்றும் கொண்டுவரவில்லை. கொண்டுவரவேண்டும் என்று தோன்றவுமில்லை. எங்கள் வீட்டில் அவர் ஊசி போட்டவுடன் அவருக்குச் சோறு போடுவேன், பிறகு மகளுக்கு. அவர்கள் எழுந்து போன பிறகு, அடுப்பைத் துடைத்துவிட்டு, சட்டியில் ஆறிப்போய் இருப்பதைக் குசினியில் நின்றபடியே தின்னுவேன். அதை நானும் பெரிதாக எடுத்ததில்லை, அவரும் ஒரு நாள் கேட்டதில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அப்படித்தான் இருந்தோம். இப்போது அவர் "உமக்கு?" என்று கேட்டவுடன் எனக்கு வந்தது கோபம். பெயின்டருக்கு நீட்டினவர், மெக்கானிக்குக்கு நீட்டினவர், நாய்க்கும் நீட்டினவர், இவ்வளவு காலம் நான் மட்டும் இவர் கண்ணில் படவில்லையா? ஊர் பேர் தெரியாத வயலில் வந்து, வெள்ளைக்காரர் புல்லில் உட்கார்ந்து காட்டினால்தான் பட்டேனா? கண் கலங்கிவிட்டது. குளிர் என்று சொல்லித் துடைத்தேன்.

அவர் பாரை இரண்டாக முறித்துப் பாதியை நீட்டினார். நான் வாங்குகிற வரைக்கும் தன் பாதியில் வாய் வைக்கமாட்டார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவருடைய சீனியோ இறங்கிக்கொண்டிருக்கிறது. வேறு வழி? வாங்கித் தின்றேன். கடற்கரை ருசி தொண்டையில் இறங்க மறுத்தது. அவர் நன்றாக மென்று விழுங்கிவிட்டு, பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்து முழுதாகத் தின்று முடித்தார். உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அன்றைக்கு அவர் கை நடுங்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் வழக்கம்போல அவர் ஊசியைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். சோறும் அதன் மேல் முயல்கறியும் போட்டு வைத்துவிட்டு நான் குசினிக்குத் திரும்பினேன். சாப்பிடுகிற சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கையைக் கழுவிவிட்டு, கோப்பையைப் பார்த்தபடி இருக்கிறார்.

"என்ன, துவங்கேல்லையோ? ஊசி போட்டாச்சு."

"வாரும்."

"நான் பிறகு சாப்பிடுறன். நீங்கள் துவங்குங்கோ."

"வாரும் எண்டுறன்."

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். ஊசி போட்ட மனிதர், தின்னாமல் இருக்கிறார். வாதாட நேரமில்லை. இன்னொரு கோப்பையை எடுத்து, சோற்றைப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரே கிடந்த கதிரையில் அவசரமாக உட்கார்ந்தேன். மகள் ஏதோ அதிசயம் நடந்துவிட்டது போல எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் முதல் பிடியை வாயில் வைத்ததைக் கண்ட பிறகுதான் அவர் கை சோற்றுக்குப் போனது. சோற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. கறி சூட்டோடு இருந்தது. நான் இவ்வளவு நன்றாகச் சமைப்பேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.